கைதட்டல் மட்டும் கேட்கிறது

பழைய கணினிக் கோப்புகளில் எழுத்து ஒரு விதமாகவும், அதனருகே பதித்த ஒலியும் அசையும் படமும் வேறு விதமாகவும் மூப்படைகின்றன. யுனிகோடு பரவுவதற்கு முன் திஸ்கியிலும் டாப், டாம் குறியேற்றங்களிலும் தட்டச்சு செய்தவை இன்று புரியாத குறிகளாக விரிந்தாலும், மாற்றி ஒன்றின் துணையோடு ஒரு மாலைப்பொழுதில் மீட்டுவிடலாம். ஒலியின் கதை வேறு.

எங்கள் வாசகர் வட்டத்தின் மூத்த கவிஞர் ஒருவருக்கு 2003இல் நடந்த நினைவுக் கூட்டத்துக்காக நண்பர்கள் தயாரித்த படக்காட்சிக் கோப்பு அண்மையில் எங்கள் கைக்கு வந்தது. இன்றைய மென்பொருள் அதைத் தயக்கமின்றித் திறந்தது. ஆறு கவிதைகளும் கிட்டின. கடைசிக் கவிதையின் கீழே ஒரு சிறு ஒலிபெருக்கிச் சின்னம், அவரே வாசித்தது. அழுத்தினால் மௌனம். அக்காலத்து மென்பொருள் 100 கிலோபைட்டுக்கு மேற்பட்ட ஒலியை வழக்கமாகக் கோப்புக்குள் சேர்ப்பதில்லை. அது வன்தட்டில் எங்கே கிடக்கிறது என்ற முகவரியை மட்டும் குறித்துக்கொள்ளும். முகவரி இன்றும் பத்திரமாக இருக்கிறது. அது சுட்டும் கணினிதான் பழைய இரும்புக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆயிற்று. பக்கம் மாறுகையில் எழும் கைதட்டல் ஓசையோ சிறியது. ஆகவே உள்ளேயே தங்கிவிட்டது. ஒவ்வொரு கவிதை முடிந்ததும் அது தவறாமல் ஒலிக்கிறது.

இழப்பு உணர்ச்சி சார்ந்தது மட்டுமன்று. அவர் வரியின் முடிவில் நிறுத்தமாட்டார். நடுவில், யாரும் எதிர்பாராத சொல்லில் மூச்சை நிறுத்துவார். அச்சில் அந்த நிறுத்தம் இல்லை. இன்று அவரை முதன்முறையாகப் படிக்கும் இளைஞர்கள் 'இது உடைத்துப் போட்ட உரைநடை' என்கிறபோது, எடுத்துக்காட்ட எங்களிடம் சான்று ஏதுமில்லை.

வசதி படைத்தோரும் இதில் தப்பவில்லை. இங்கிலாந்தில் 1086இல் தோலில் எழுதப்பட்ட டூம்ஸ்டே நூலை இன்றும் படிக்கலாம். அதன் 900ஆம் ஆண்டையொட்டி 1986இல் பிபிசி உருவாக்கிய பல்லூடகப் பதிப்போ லேசர் தட்டுகளில், தனிவகைக் கருவியில் மட்டுமே ஓடுவதாக அமைந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அக்கருவிகள் அரிதாகிவிட்டன. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2002இல், பழைய இயந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் ஒன்றை எழுதித்தான் அதற்கு உயிர்கொடுக்க வேண்டியிருந்தது.

நிற்க. பிடிஎப் ஆவணங்களை நெடுங்காலம் காக்கவென்று 2005இல் வெளிவந்த பிடிஎப்/ஏ தரம், ஒலியையும் காணொளியையும் உள்ளே பதிக்கவே கூடாது என்றது. ஆவணக் காப்பாளர்களின் நியாயம் புரிகிறது: எழுத்துருவை ஆவணத்தோடு சேர்த்துக் கட்டிவிடலாம், ஒலியை இயக்கும் நிரலை அப்படிக் கட்ட முடியாது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2008இல், அடோபி நிறுவனமே பிடிஎப்புக்குள் ஃபிளாஷ் அசைபடங்களைப் பதிக்கும் வசதியை அளித்தது. 2020 டிசம்பர் 31ஆம் நாள் ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியதும் அதே நிறுவனம்தான். காப்பாளர்களின் கெடுபிடியைக் கருமித்தனம் என்று அன்று கேலி செய்தவர்கள் இப்போது என்ன சொல்வார்களோ!

ஃபிளாஷ் ஆக்கங்களுக்காவது ரஃபிள் என்ற எமுலேட்டர் வந்திருக்கிறது. மூலக்கோப்பு கையில் இருந்தால் பெரும்பாலும் ஓடவைக்கலாம். எங்களிடம் இருப்பதோ வெறும் முகவரி.

கவிஞரின் மகள், வீட்டுப் பரணில் ஒலிநாடாப் பெட்டி ஒன்று கிடக்கக்கூடும் என்கிறார். குரல் கிடைத்தால் அதை அமுக்காத வேவ் கோப்பாகத் தனியே, கவிதைகளின் யுனிகோடு கோப்புக்குப் பக்கத்தில் வைப்பதென்றும், ஒன்றை மற்றொன்றுக்குள் பதிப்பதில்லை என்றும் தீர்மானித்திருக்கிறோம். நல்ல நிலையில் ஒலிநாடாக் கருவி வைத்திருக்கும் அன்பர்கள் சில நாட்களுக்கு இரவல் தந்தால் நன்றியுடையோம். பத்திரமாகத் திருப்பித் தருவோம்.