விடியலில் புறப்பட்டால் காஞ்சி

முத்தி தரும் நகரங்கள் ஏழு என்று புராணங்கள் போற்றுகின்றன. அவற்றுள் தென்னாட்டில் விளங்குவது காஞ்சி ஒன்றே. சென்னையில் வாழும் அன்பர்களுக்கு அப்புண்ணிய நகரம் சுமார் 75 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆயினும் அருகில் இருப்பதாலேயே, 'பிறகு போய்க்கொள்ளலாம்' என்று அந்தப் பயணம் தள்ளிப்போகிறது. காசிக்கும் ராமேசுவரத்துக்கும் சென்றுவந்த பெரியவர்களுள் பலர், காஞ்சியைத் தரிசித்து ஆண்டுகள் பல ஆயின என்று சொல்லக் கேட்கிறோம்.

ஒருநாள் எப்படியோ புறப்பாடு கூடிவிடுகிறது. பிள்ளைகள் அன்போடு வண்டி அமர்த்துகிறார்கள். எட்டுக் கோயில்கள் அடங்கிய பட்டியல் ஒன்றும் தயாராகிறது. நான்காவது கோயில் வாசலில் வண்டி நிற்கும்போது, பெற்றோர் மெல்லச் சொல்கிறார்கள்: "நீங்கள் போய்வாருங்கள், நான் வண்டியிலேயே இருக்கிறேன்." சந்நிதி வரை வந்தும் உள்ளே செல்ல முடியாமற்போவது எத்தனை பெரிய ஏக்கம்! அந்த ஏக்கத்துக்கு இடமில்லாதபடி அரைநாள் காஞ்சிப் பயணத்தை அமைத்துக்கொள்ள முடியும். வண்டியின் வேகத்தைக் கொண்டு கணக்கிடாமல், வருபவர்களுள் மூத்தவருடைய கால்களைக் கொண்டு கணக்கிட வேண்டும், அவ்வளவே.

மூன்று சந்நிதிகள் போதும்

காஞ்சிக் கோயில்கள் பொதுவாக நண்பகல் 12 மணியை ஒட்டி நடை சாத்தப்பட்டு, மாலை 4 மணி அளவில் மீண்டும் திறக்கப்படுகின்றன. ஆகவே காலைப் பொழுதில் நமக்குக் கிடைப்பது ஐந்து மணி நேரம். அதில் சிற்றுண்டிக்கும், வண்டியில் ஏறி இறங்குவதற்கும், செருப்பு விடுமிடத்திலிருந்து சந்நிதி வரை நடப்பதற்கும் ஒன்றரை மணி நேரம் கழிந்துவிடும். எஞ்சிய பொழுதில் நிதானமாகத் தரிசிக்கக்கூடியவை மூன்று கோயில்கள். அன்னை காமாட்சி, பேரருளாளன் வரதராசர், ஏகாம்பரநாதர் ஆகிய மூவரையும் மனம் நிறையத் தரிசித்தாலே காஞ்சி யாத்திரை நிறைவுற்றதாகக் கொள்ளலாம்.

நாள் தேர்வும் முக்கியம். காமாட்சியம்மன் கோயிலின் மாசிப் பெருவிழா, ஏகாம்பரநாதருக்குப் பங்குனி உத்திரத் திருக்கல்யாணம், வரதராசருக்கு வைகாசிப் பிரம்மோற்சவம், அதிலும் கருடசேவை ஆகியவை கண்கொள்ளாக் காட்சிகள்தாம். ஆனால் அரைநாளில் சென்று திரும்ப நினைக்கும் முதியவர்களுக்கு அந்த நாட்கள் ஏற்றவை அல்ல. வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் அன்னையின் சந்நிதியில் கூட்டம் மிகும். முகூர்த்த நாட்களில் பட்டுச்சேலை எடுக்க வருவோரால் காந்தி சாலை நிறைந்துவிடும். வெயில் கடுமையாகும் சித்திரை, வைகாசியைத் தவிர்த்து, கார்த்திகை முதல் மாசி வரையிலான மாதங்களில் சாதாரணமான ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பது உத்தமம்.

வழித்துணை

காலை 5 மணிக்குப் புறப்படுவது நலம். பூவிருந்தவல்லி வழியாகச் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையில், இடப்புறம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரும். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் ஆகியவற்றைக் கடந்தபின் காஞ்சிக்கு இடப்புறம் பிரிய வேண்டும். தென்சென்னை அன்பர்கள் வண்டலூர், படப்பை, ஒரகடம், வாலாஜாபாத் வழியாகவும் வரலாம். இரண்டு வழிகளிலும் தொழிற்சாலைகள் மிகுதி. பொழுது ஏற ஏற ஊழியர்களை ஏற்றிச்செல்லும் பேருந்துகள் சாலையை நிறைத்துவிடும். விடியலுக்கு முன் புறப்படச் சொல்வது இதனால்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த நெரிசல் குறைவு.

ஸ்ரீபெரும்புதூரைக் கடக்கும்போது இறங்கிச் சேவிக்க மனம் விரும்பும். 1017-ஆம் ஆண்டில் எம்பெருமானார் அவதரித்த தலம். அவரே உகந்து தழுவிய 'தானுகந்த திருமேனி' எழுந்தருளியிருக்கும் இடம். ஆனால் அத்தலத்துக்குத் தனியாக ஒரு காலைப்பொழுதை ஒதுக்குவதே முறை. இன்று வண்டியில் இருந்தபடியே கைகூப்பிவிட்டுச் செல்வோம்.

கடற்கரையிலிருந்து காஞ்சிக்குச் செல்லும் இந்தப் பயணம் நமக்குப் புதியதன்று. சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் செய்த சபதத்தை மீறிப் புறப்பட்டபோது இரு கண்களின் ஒளியையும் இழந்தார். திருமுல்லைவாயிலை வணங்கி, திருவெண்பாக்கத்தை அடைந்து முறையிட்டார். இறைவன் அங்கே ஓர் ஊன்றுகோலை மட்டும் அருளினான். அக்கோலை ஊன்றியபடியே நடந்து காஞ்சியை அடைந்தார் நாயனார். இன்று கைத்தடியுடன் வண்டியில் ஏறும் பெரியவர்கள் தங்களை யாருக்கும் சுமையாக நினைக்க வேண்டியதில்லை. இந்தத் திசையில் கோலூன்றிச் சென்ற தம்பிரான் தோழர் அவர்களுக்கு முன்னே நடந்திருக்கிறார்.

அன்னையின் வாசல்

6.45 மணி அளவில் காஞ்சியை அடைந்ததும் முதலில் காமாட்சியம்மன் கோயில். காலையில் அபிடேக அலங்காரத்துக்காகத் திரை இடப்பட்டிருந்தால், ஓரிடத்தில் அமர்ந்து காத்திருக்கலாம். கருவறைக்கு முன்னுள்ள காயத்ரி மண்டபத்தில், காயத்ரியின் எழுத்துகளைக் குறிப்பனவாக 24 தூண்கள் அமைந்துள்ளன. திரை விலகும்போது, பத்மாசனத்தில் அமர்ந்து, கரும்பு வில்லும் மலர்க்கணையும் பாசமும் அங்குசமும் ஏந்திய அன்னையின் திருக்கோலம் தெரியும். அவள் திருமுன் ஆதிசங்கரர் பிரதிட்டை செய்த ஸ்ரீசக்கரம் விளங்குகிறது. காஞ்சியின் சிவாலயங்களில் அம்பிகைக்குத் தனி மூலஸ்தானம் அமைப்பதில்லை என்பது மரபு. நகர் முழுமைக்கும் காமாட்சி ஒருத்தியே தாய். கோயிலுக்குள்ளேயே திருமங்கையாழ்வார் பாடிய கள்வப் பெருமாளையும் சேவிக்கலாம்.

தரிசனம் முடிந்ததும் சிற்றுண்டி. வெறும் வயிற்றோடு எல்லாக் கோயில்களையும் தரிசிக்க வேண்டும் என்று பெரியவர்கள் சிலர் உறுதியாக இருப்பார்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்பவர்கள் அப்படி இருத்தலாகாது. காலை உணவையும் மருந்தையும் உரிய நேரத்தில் எடுத்துக்கொள்வதால் விரதத்துக்குப் பங்கமில்லை. வண்டி ஓட்டுபவரும் நம்முடன் அமர்ந்து உண்ணட்டும். அவர் முந்தைய இரவு நன்கு உறங்கினாரா என்று கேட்டறிவதும் பயண ஏற்பாட்டில் ஒரு பகுதியே.

அத்திகிரியின் படிகள்

அடுத்ததாகச் சின்னக் காஞ்சி. ஏகாம்பரநாதர் கோயில் அருகில் இருக்க, நகரின் மறுகோடிக்கு ஏன் போக வேண்டும் என்று தோன்றலாம். காரணம் வெயில்தான். வரதராசர் கோயிலின் வெளிப்பிராகாரம் பரந்த வெளி. பத்து மணிக்குமேல் அங்குள்ள கல் தரை பாதத்தைச் சுடத் தொடங்கும். ஏகாம்பரநாதர் கோயிலில் நெடிய தூண் வரிசைகளோடு கூடிய நிழற்பிராகாரம் உண்டு. ஆகவே வெளியில் நடக்க வேண்டிய கோயில் முன்பும், நிழலுள்ள கோயில் பின்பும் அமைவதே பாதங்களுக்கு இதம்.

பேரருளாளன் எழுந்தருளியிருப்பது அத்திகிரி. அவரைச் சேவிக்க 24 படிகள் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் நின்று நின்று ஏறலாம். இங்கே அவசரம் கூடாது. ஏறவே இயலாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. கீழே பெருந்தேவித் தாயார் தனிச் சந்நிதியில் எழுந்தருளியிருக்கிறாள். மலையின் அடியில் அழகியசிங்கப் பெருமாள் வீற்றிருக்கிறார். மேலே சென்றவர்கள் திரும்பும்வரை தாயாரின் திருமுன் அமர்ந்திருப்பதும் சேவையே. துணைக்கு ஒருவர் உடனிருக்கட்டும்.

எல்லாரும் ஒன்றுகூடியபின் நூற்றுக்கால் மண்டபத்தையும் அதன் கற்சங்கிலியையும் கண்டு, அனந்தசரசின் கரையில் சற்று நிற்கலாம். அத்தி மரத்தால் ஆன ஆதி வரதர் இந்நீருக்கடியில்தான் சயனித்திருக்கிறார். 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவரும் அவர், 1979-க்குப் பிறகு 2019-இல் ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாட்கள் காட்சி தந்தார். அந்தக் கூட்டத்தில் சென்று சேவித்தவர்களும் உண்டு. இயலாமல் வீட்டிலிருந்து ஏங்கியவர்களும் உண்டு. இனி 2059-இல்தான் என்னும்போது மூத்தவர்களின் நெஞ்சு கனக்கும். ஆனால் அத்திகிரியின் மேல் நிற்கும் வரதர் அன்றாடம் நமக்காகக் காத்திருக்கிறார் அல்லவா!

விந்தியக் காட்டில் வழியறியாது தனித்து நின்ற இளம் இராமானுசரை, ஒரு வேடனும் அவன் மனைவியும் துணையாக அழைத்துவந்தனர். அவர்கள் தாகம் என்று கேட்க, அவர் கிணற்றில் நீர் முகந்து தந்து, மீண்டும் நீருடன் திரும்புகையில் இருவரையும் காணவில்லை. எதிரே காஞ்சியின் புண்ணியகோடி விமானம் தெரிந்தது. வந்தவர்கள் பேரருளாளனும் பெருந்தேவியுமே என உணர்ந்து, அதன்பின் நாள்தோறும் செவிலிமேட்டுச் சாலைக் கிணற்றிலிருந்து பெருமாளுக்குத் தீர்த்தம் சுமந்தார் என்பது குருபரம்பரை வரலாறு. நம்மைக் காஞ்சிக்கு அழைத்துவருபவர் யார் என்பதை அது சொல்லிவிடுகிறது.

ஒரு கண் பெற்ற இடம்

10.30 மணிக்கு ஏகாம்பரநாதர். 1509-ஆம் ஆண்டில் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய தெற்கு இராசகோபுரம் நம்மை வரவேற்கிறது. இது ஐம்பூதத் தலங்களுள் நிலத்துக்குரிய தலம். கம்பையாற்றின் கரையில் அன்னை மணலால் இலிங்கம் அமைத்து வழிபடுகையில், வெள்ளம் பெருகி வந்தது. இலிங்கம் கரைந்துவிடுமோ என்று அஞ்சி அதனைத் தழுவிக்கொண்டாள். இறைவன் குழைந்து, வளைத் தழும்பை ஏற்றருளினான். மூலவர் மணல் இலிங்கமாதலின் அவருக்கு நீரால் அபிடேகம் இல்லை. பிராகாரத்தில் அறுபத்து மூவரின் திருவுருவங்கள் உள்ளன. பின்புறம் தலமரமான மாமரம். நிலாத்திங்கள் துண்டத்தான் என்னும் திருமாலும் இக்கோயிலுக்குள்ளேயே எழுந்தருளியிருக்கிறார்.

கோலூன்றி வந்த சுந்தரர் இச்சந்நிதியில் நின்று பாடியபோது, இறைவன் இடக்கண்ணின் ஒளியைத் தந்தான். வலக்கண் பின்னர்த் திருவாரூரில்தான் கிடைத்தது. பாதி கிடைத்த இடத்திலேயே அவர் மனமுருகிப் பாடினார். பார்வை மங்கியவர்கள், தீப ஒளியில் திருமேனி தெளிவாகத் தெரியவில்லையே என்று வருந்துபவர்கள், இங்கே இந்த வரலாற்றை நினைத்துக்கொள்ளலாம். தெரிந்த அளவே அருள் எனக் கொண்டவருக்குக் காஞ்சி குறைவைத்ததில்லை.

விட்டுவந்த கோயில்கள்

11.30 மணிக்குப் புறப்பட்டால் 2 மணிக்குள் வீடு சேரலாம். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணம் அரங்கேற்றிய குமரகோட்டம், நான்கு திவ்விய தேசங்கள் அமைந்த உலகளந்த பெருமாள் கோயில், பல்லவர் வரலாற்றைச் சிற்பங்களாகச் சொல்லும் பரமேச்சுர விண்ணகரம் எல்லாம் எஞ்சி நிற்கும். இராசசிம்ம பல்லவன் எடுத்த கயிலாசநாதர் கோயிலும் எஞ்சும். அங்கே கருவறையைச் சுற்றும் வழி மிகக் குறுகியது; தவழ்ந்து நுழைய வேண்டும். முதியவர்கள் அதனை முயலாமல் இருப்பதே நன்று.

அந்தக் கற்றளியோடு சேர்த்துச் சொல்லப்படும் வரலாறு ஒன்று உண்டு. காடவர்கோன் காஞ்சியில் பெரும் பொருள் செலவிட்டுக் கோயில் எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தான். இறைவன் கனவில் தோன்றி, "நாளை நின்றவூரில் பூசல் அமைத்த ஆலயத்தில் புகுகின்றோம், உன் விழாவைப் பின்னர் வைத்துக்கொள்" என்ற கருத்தை அருளினான். மன்னன் திருநின்றவூருக்கு ஓடிச்சென்று தேடினான். அங்கே கோயில் ஏதும் இல்லை. பொருள் கிடைக்காத பூசலார், அடித்தளம் முதல் சிகரம் வரை தம் மனத்திலேயே கட்டிய கோயில் அது. மன்னன் அவர் திருவடியில் விழுந்து வணங்கினான்.

திரும்பும் வழியில், சென்ற சந்நிதிகளை வரிசையாக நினைவுகூரலாம்: திரை விலகிய கணம், படியேறிய களைப்பு, தாயாரின் முகம், மாமரத்து நிழல். மூன்றே கோயில்களானால் ஒன்றுகூட மறவாமல் நினைவில் நிற்கும். கால்கள் ஒத்துழைக்காத நாள் வரும்போதும், கண்மூடி அமர்ந்த இடத்திலிருந்தே அந்த வீதிகளில் நடந்து அந்தச் சந்நிதிகளை அடையலாம். அந்தத் தரிசனத்துக்கு நடை சாத்தும் நேரம் கிடையாது. உடலில் வலுவுள்ளபோதே ஒரு விடியலில் புறப்படுங்கள். அன்னை காமாட்சி அழைத்துக்கொள்வாள்.