டோக்கன் 23

தில்லை நகர், ஏழாவது கிராஸ். மாலை ஆறரை மணி. ஒரே கட்டடத்தில் நான்கு பெயர்ப்பலகைகள்: பல், காது மூக்கு தொண்டை, நீட் பயிற்சி, தோல். தோல் டாக்டர் இரண்டாவது மாடி.

லிஃப்ட் வேலை செய்கிறது. உள்ளே மூன்று பக்கமும் கண்ணாடி. துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக் கட்டிய பெண் லிஃப்ட் வரை வருகிறாள். கதவு திறக்கிறது. அவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பி ஏறுகிறாள்.

சாஸ்திரி ரோட்டில் ஸ்கூட்டி ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். வெயிலுக்கு, தூசிக்கு. வண்டியை நிறுத்தியதும் அவிழ்த்துவிடுகிறார்கள். இவள் வந்தது பஸ்ஸில். வெயிலும் இறங்கிவிட்டது.

வரவேற்பு மேஜையில் பெயர், வயது, ஊர் கேட்கிறார்கள்.

"ஸ்ரீரங்கம்."

"அங்கயே டாக்டர் இருக்காங்களேம்மா?"

பதில் இல்லை. டோக்கன் 23.

காத்திருக்கும் அறையில் பத்துப் பதினைந்து பேர். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. டிவி சத்தமில்லாமல் ஓடுகிறது. நகைக்கடை, சோப்பு, மறுபடி நகைக்கடை. திரை நிறையக் கன்னங்கள்.

ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே ஒரு நாற்காலி காலி. ஃபேனுக்கு அடியில் ஒன்று. சுவரை ஒட்டி மூலையில் ஒன்று. அவள் மூலைக்குப் போகிறாள். இடது கன்னம் சுவர்ப் பக்கம். மூலையில் காற்று வருவதில்லை. துப்பட்டாவைத் தாடை வரை இறக்குகிறாள்.

எதிரே கழுத்தில் கல்லூரி அட்டையோடு ஒரு பையன். ஃபோனில் முன்பக்கக் கேமராவைத் திறக்கிறான். முகத்தை ஒருக்களிக்கிறான். மூடுகிறான். ஒரு நிமிடம் போகிறது. திறக்கிறான். "தொடாதடா" என்கிறாள் அம்மா. அவன் தொடவில்லை. அம்மா பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்புகிறாள். "அடுத்த மாசம் கேம்பஸ் இன்டர்வியூ. ரூமை விட்டே வர மாட்டேங்கிறான்." பையனின் காது மடல் சிவக்கிறது.

சுவரில் டெலி மானஸ் போஸ்டர். மனசு சரியில்லாதவர்கள் இருபத்துநான்கு மணி நேரமும் காசில்லாமல் கூப்பிடலாம். எண் 14416. கடைசி 6 தண்ணீர்க் கேனுக்குப் பின்னால் இருக்கிறது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு மாமி வருகிறாள். கண் அறையைச் சுற்றி வந்து மூலையில் நிற்கிறது.

"சித்திரை வீதிப் பொண்ணுதானே நீ? என்னடி இது, மூஞ்சியெல்லாம்! லட்சணமா இருந்தியே!"

தலைகள் நிமிர்கின்றன. உடனே குனிகின்றன.

"ஒண்ணுமில்ல மாமி. ஒரு க்ரீம் ஒத்துக்கல."

"பயத்தமாவு தேச்சுக் குளி. இதுக்குப் போய் டாக்டரா?"

மாமியின் வலது கை கைப்பைக்கு அடியில் இருக்கிறது. டோக்கன் நீட்டப்படும்போது மட்டும் வெளியே வருகிறது. விரல் நுனிகளில் வெள்ளை. டோக்கனோடு கை மறுபடி பைக்கு அடியில் போகிறது.

இருபத்துமூன்று.

டாக்டர் அறை விளக்கு பளீரென்று எரிகிறது. துப்பட்டா முழுதாக அவிழ்கிறது. இரண்டு கன்னமும் சிவப்பு. தோலுக்கு அடியில் நூல் நூலாக ரத்தக்குழாய்கள். தாடையோரம் பூனைமுடி.

"எவ்வளவு நாளா போடுறீங்க?"

"எட்டு மாசம்."

"யார் எழுதிக் கொடுத்தது?"

"ஃப்ரெண்டு போட்டா. ஒரே வாரத்துல கலர் வந்துச்சு."

முதல் வாரம் கலர் வரும். அது ஸ்டீராய்டின் வேலை. தோல் மெலிவது பிறகு. நிறுத்தினால் முகம் எரியும், சிவக்கும், பொரிப்பொரியாக வரும். பயந்துபோய் மறுபடி போடுவார்கள். டாக்டர் இதை மூச்சு விடாமல் சொல்கிறார். பலமுறை சொல்லித் தேய்ந்த வாக்கியங்கள். கையில் ட்யூப் இருந்தால் மேஜைமேல் வைக்கச் சொல்கிறார். கைப்பையிலிருந்து இரண்டு வருகின்றன. ஒன்று பிரிக்காதது.

"சரியாக மாசக்கணக்கில் ஆகும். காலேஜ் போறீங்களா?"

"லீவு."

"எத்தனை நாளா?"

விரல்கள் துப்பட்டா நுனியைச் சுருட்டுகின்றன. பிரிக்கின்றன. சுருட்டுகின்றன.

கீழே பெட்டிக்கடை. ரோஸ் நிற சாஷேக்கள் சரமாகத் தொங்குகின்றன. 1975இல் வந்த சிவப்பழகு க்ரீம். 2020இல் பெயரிலிருந்து 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. ரோஸ் அப்படியே இருக்கிறது.

அடுத்து மருந்துக்கடை. பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி கூட்டம் குறையும்வரை ஓரமாக நிற்கிறாள். பிறகு ஃபோனில் ஒரு படத்தைக் காட்டுகிறாள். கடைக்காரர் திரும்பிப் பார்க்காமலே கை நீட்டி ஒரு ட்யூபை எடுக்கிறார். அட்டைப்பெட்டியில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு. பக்கத்தில் பொடி எழுத்தில் எச்சரிக்கை. 2018 மார்ச்சில் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை, டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கவேண்டிய மருந்துகளோடு சேர்த்தது.

சிறுமி இருநூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறாள். கடைக்காரர் வாங்கி மீதி தருகிறார். சீட்டு கேட்கவில்லை.