தண்ணீர் நிற்கும் நாள்

இந்த முறை உங்களை ஒரு சிற்றூருக்கு அழைத்துப் போகிறேன். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஓஹையோ ஆற்றங்கரையில் இருக்கிறது ஹண்டிங்டன். படங்களில் பார்க்கும் வானளாவிய கட்டடங்களை இங்கே தேடாதீர்கள். இது உழைப்பாளிகளின் ஊர். 1871-ஆம் ஆண்டில் காலிஸ் ஹண்டிங்டன் என்ற இரயில் முதலாளி, தம் தண்டவாளம் ஆற்றைத் தொடும் இடத்தில் இந்த ஊரை உண்டாக்கினார். தம் பெயரையே அதற்குச் சூட்டினார். மலைகளில் வெட்டி எடுத்த நிலக்கரி இரயிலில் வந்து இறங்கும். பிறகு படகேறி ஆற்றோடு போகும்.

ஊரின் நடுவே மார்ஷல் பல்கலைக்கழகம். அதன் வளாகத்தில் ஒரு நீரூற்று. பதின்மூன்று அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் உலோகச் சிற்பம் அது. ஹேரி பெர்ட்டோயா என்ற சிற்பி செய்தது. 1972 நவம்பரில் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் நவம்பர் 14-ஆம் நாள் ஊர் மக்கள் அதைச் சுற்றிக் கூடுகிறார்கள். 75 பேருக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். பிறகு ஊற்றை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வசந்தம் வரும்வரை அதில் தண்ணீர் விழாது.

ஏன் என்று கேட்பீர்கள். அதற்கு முதலில் இந்த ஊரின் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும்.

நம் தோட்டத் திடலில் மாலையில் ஆடும் பந்தல்ல இது. பெயர் கால்பந்து, ஆனால் பெரும்பாலும் கையால்தான் ஆடுவார்கள். பந்து இரு முனையும் கூர்ந்த நீள் உருண்டை. பக்கத்திற்குப் பதினொரு பேர். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜமாவது முன்னேற வேண்டும். இல்லையேல் பந்து எதிரியின் கைக்குப் போய்விடும். பந்தோடு எல்லைக்கோட்டைக் கடந்தால் ஆறு புள்ளி. தலைக்கவசம் போட்டுக்கொண்டு மோதி விழும் முரட்டு ஆட்டம்.

1970 நவம்பர் 14. மார்ஷல் குழு வட கரோலினா மாநிலத்தில் ஆடி, 17-க்கு 14 என்று தோற்றுவிட்டு விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தது. மழையும் மூட்டமுமான இரவு. இறங்குமிடம் அருகில் இருந்தது. விமானம் ஒரு குன்றின் மரங்களில் மோதி எரிந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. மாண்டவர்களில் 37 பேர் ஆட்டக்காரர்கள். தலைமைப் பயிற்றுநர் ரிக் டோலியும் போனார். குழுவுக்கு ஆதரவாகக் கூடவே போயிருந்த ஊர்ப் பெரியவர்கள் 25 பேரும் போனார்கள். தாய் தந்தை இருவரையும் ஒரே இரவில் இழந்த குழந்தைகள் உண்டு. யார் உடல் என்று அடையாளம் காண முடியாத ஆறு ஆட்டக்காரர்களை ஸ்பிரிங் ஹில் கல்லறைத் தோட்டத்தில் அருகருகே அடக்கம் செய்தார்கள்.

இனி இந்த ஆட்டமே வேண்டாம் என்ற பேச்சு எழுந்தது. அதில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? பிள்ளையைப் புதைத்த வீட்டுக்குப் பக்கத்தில் கைதட்டுவது எப்படி? ஆடத்தான் வேண்டும் என்று மாணவர்கள் நின்றார்கள். கடைசியில் ஆடுவது என்று முடிவாயிற்று.

ஜேக் லெங்யல் என்ற புதிய பயிற்றுநர் வந்தார். ஆட்களுக்கு எங்கே போவது? அன்றைய விதிப்படி முதலாண்டு மாணவர்கள் பெரிய குழுவில் ஆட முடியாது. மார்ஷலுக்கு விலக்குக் கிடைத்தது. அன்று விமானத்தில் போகாததால் தப்பிய சிலரும், வேறு விளையாட்டுகளில் இருந்த சிலரும், நேற்றுவரை பள்ளிச் சிறுவர்களாய் இருந்தவர்களும் சேர்ந்தார்கள். காயத்தால் வீட்டில் தங்கிவிட்ட நேட் ரஃபின் தலைவர்களில் ஒருவரானார். காரில் வந்ததால் பிழைத்த துணைப் பயிற்றுநர் ரெட் டாசன், பிள்ளைகளுக்காக அந்த ஓர் ஆண்டு நின்றார். பிறகு அந்தத் தொழிலையே விட்டுவிட்டார்.

1971 செப்டம்பர் 18-இல் முதல் ஆட்டம். 29-க்கு 6 என்று தோல்வி. அடுத்த வாரம் சொந்தத் திடலில், இதே ஆற்றின் கீழ்க்கரை நகரான சின்சினாட்டியின் சேவியர் குழுவோடு மோதினார்கள். 13-க்கு 9 என்று பின்தங்கியிருந்தார்கள். கடைசி ஒரே ஆட்டம் மிச்சம். ரெஜி ஆலிவர் வீசிய பந்தை டெர்ரி கார்ட்னர் என்ற முதலாண்டுப் பையன் பிடித்தான். ஓடினான். கோட்டைக் கடந்தான். நேரம் முடிந்தது. 15-க்கு 13! மக்கள் திடலுக்குள் பாய்ந்தார்கள். சிரித்தார்களா, அழுதார்களா என்று கேட்காதீர்கள், இரண்டையும் செய்தார்கள்.

இதோடு கதை சுபமாக முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். அடுத்த வாரமே 66-க்கு 6 என்று அடி வாங்கினார்கள். அந்தப் பருவத்தில் பத்து ஆட்டங்களில் வென்றது இரண்டுதான், எட்டிலும் தோல்வி. தோல்விகளை விட வெற்றிகள் மிகுந்த ஆண்டைக் காண 1984 வரை காத்திருந்தார்கள். 1992-இல் தங்கள் பிரிவில் தேசிய வெற்றியாளர் ஆனார்கள். 1999-இல் 13 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்கவில்லை. 2006-இல் அவர்கள் கதை திரைப்படமாகவும் வந்தது.

ஆனாலும் ஹண்டிங்டன் மக்கள் முதலில் பேசுவது அந்த எட்டுத் தோல்வி ஆண்டைப் பற்றித்தான். வீட்டில் சாவு விழுந்த மறுவாரமே விடியலில் வேலைக்குப் புறப்பட்டவர்களுக்கு இதன் காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அன்று போகும்போது துக்கம் தீர்ந்தா போனோம்? தூக்கிக்கொண்டுதானே போனோம்.

அந்த ஊர் இரண்டையும் விடவில்லை. நவம்பரில் தண்ணீரை நிறுத்தித் துக்கம் காக்கிறது. வசந்தம் வந்ததும் திறந்துவிடுகிறது. நீங்கள் என்றேனும் அந்தப் பக்கம் போக நேர்ந்தால், தண்ணீர் விழும் காலத்தில் போங்கள். சற்று நேரம் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வாருங்கள்.