மஞ்சள் விளக்கும் அத்தாவின் கட்டைவிரலும்



சென்ற மார்கழியில் ஒரு நாள், சுபுஹுத் தொழுகை முடிந்ததும் நாங்கள் உத்திரமேரூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டோம். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து, மருத்துவரிடம் மறுமுறை காட்ட வேண்டிய நாள் அது. பின்னிருக்கையில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும்; முன்னிருக்கையில் நாங்கள் இருவரும். பயண துஆவை ஓதிவிட்டு வண்டியைக் கிளப்பியபோது, வேகமானியின் அருகே மஞ்சள் நிறத்தில் ஒரு விளக்கு எரிந்தது. குதிரை லாடம் போன்ற வடிவம். அதன் நடுவே ஓர் ஆச்சரியக்குறி.

அது எதைக் குறிக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஏதோ ஒரு சக்கரத்தில் காற்று குறைந்திருக்கிறது என்று அது சொல்கிறது. ஆயினும் நாங்கள் இறங்கிப் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் நான்கைந்து முறை அதிகாலையில் அந்த விளக்கு எரிந்ததுண்டு. வண்டி சற்றுத் தூரம் ஓடியதும் தானாகவே அணைந்ததும் உண்டு. "குளிருக்கு எரிகிறது" என்று எங்களுக்குள் நாங்களே ஒரு முடிவு செய்துகொண்டோம். அந்த முடிவு வசதியாக இருந்ததால், அது சரிதானா என்று யாரிடமும் கேட்கவும் இல்லை.

சாலவாக்கம் வழியாகச் செங்கல்பட்டு நோக்கிச் சென்றோம். அந்தப் பக்கத்துச் சாலைகளை அறிந்தவர்களுக்கு அவற்றின் நிலை தெரியும். கல்குவாரிகளிலிருந்து வரும் டிப்பர் லாரிகள் சிந்திச் செல்லும் ஜல்லி ஒருபுறம். சாலையோரம் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேல முள் மறுபுறம். அன்று விளக்கு அணையவில்லை. பின்னாலிருந்து இளைய மகன் கேட்டான்: "அத்தா, அந்த வெளக்கு இன்னும் எரியுதே?" குளிர் என்ற பழைய பதிலையே சொன்னோம். அப்போதுதான் அம்மா பேசினார்கள்: "உங்க அத்தா இருந்திருந்தா இதைப் பாக்காம வண்டியை எடுத்திருக்க மாட்டாங்க. எதுக்கும் நிறுத்திப் பாத்துடுங்கப்பா."

செங்கல்பட்டு ஊருக்குள் நுழையும் இடத்தில், அப்போதுதான் திறந்திருந்த ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் நான்கு சக்கரங்களிலும் அழுத்தமானியை வைத்துப் பார்த்தார். 33 இருக்க வேண்டிய இடத்தில், பின்பக்க இடது சக்கரத்தில் 16 தான் இருந்தது. "பாய், இந்தக் காத்துல எப்படி இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார். டயரின் பக்கச்சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். குளிர்ந்த காலையிலும் அது சுட்டது. கழற்றிப் பார்த்தபோது உள்ளே கறுப்புப் பொடியாக ரப்பர் உதிர்ந்து கிடந்தது. மேலே ஒரு சீமைக்கருவேல முள், தலை ஒடிந்து, ஊசி முனை போல் இறங்கியிருந்தது. இந்த டயரை ஒட்டினாலும் இனி நம்பி ஓட்ட முடியாது என்று சொல்லி, ஸ்டெப்னியை மாட்டிக் கொடுத்தார்.

அந்த இடத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலை மிக அருகில். இன்னும் சில நிமிடங்களில், பேருந்துகளுக்கும் சரக்கு லாரிகளுக்கும் நடுவே வேகம் பிடித்திருப்போம். பின்னிருக்கையில் மூவர் இருந்தார்கள். அம்மா அதைப் பற்றி அதன்பின் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் பேசாதிருந்ததுதான் எங்களை இதை எழுத வைக்கிறது.

குளிர்தான் காரணம் என்ற எங்கள் எண்ணம் எங்கே தவறியது என்பதைப் பின்னர்தான் புரிந்துகொண்டோம். வெப்பம் குறைந்தால் காற்றழுத்தம் குறையும் என்பது உண்மையே. ஆனால் எவ்வளவு? ஐந்தாறு டிகிரி குறைந்தால் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. மட்டுமே குறையும். நம் ஊரின் பகலுக்கும் மார்கழி விடியலுக்கும் உள்ள வேறுபாடு இரண்டு அல்லது மூன்று பி.எஸ்.ஐ. அளவுக்குத்தான் வரும். இந்த விளக்கோ, பல வண்டிகளில், உரிய அழுத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்த பின்புதான் எரிகிறது. அதாவது 33 என்பது 25 அளவுக்கு இறங்க வேண்டும். ஆகவே குளிர் மட்டும் இந்த விளக்கை எரிய வைக்காது. சக்கரம் முன்பே காற்றிழந்து விளிம்பில் நிற்கும்போது, குளிர் அதைக் கடைசியாக ஒரு படி கீழே தள்ளுகிறது. ஓடிச் சூடேறியதும் விளக்கு அணைந்ததற்குக் காரணம் குறை நீங்கியது அன்று. சூடு அந்தக் குறையைச் சிறிது நேரம் மறைத்தது. நாங்கள் பொய் எச்சரிக்கை என்று ஒதுக்கிய ஒவ்வொரு காலையிலும் அது உண்மையையே சொல்லியிருக்கிறது.

டயர் அழுத்தக் கண்காணிப்பு அமைப்பு, சுருக்கமாக டி.பி.எம்.எஸ்., இரு வகைப்படும். முதல் வகையில் ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும் வால்வோடு இணைந்த ஒரு சிறிய சென்சார் இருக்கும். அது அழுத்தத்தை அளந்து வானொலி அலை மூலம் வண்டிக்குத் தெரிவிக்கும். அதற்குள் இருக்கும் மின்கலம் பொதுவாக ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை உழைக்கும். இரண்டாம் வகையில் தனி சென்சார் கிடையாது. காற்று குறைந்த சக்கரத்தின் சுற்றளவு சற்றே சுருங்குவதால் அது மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும், ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஏற்கெனவே உள்ள கருவிகள் அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும். இது செலவு குறைந்த வழி. ஆனால் நான்கு சக்கரங்களும் ஒரே அளவில் காற்றிழந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வேறுபாடு இராது. அன்றியும், காற்று நிரப்பிய பின் அதற்குரிய பொத்தானை அழுத்திப் புதிய அளவை அதற்கு அறிவிக்க வேண்டும்.

1986 ஆம் ஆண்டில் போர்ஷே 959 என்ற விலையுயர்ந்த காரில் இடம்பெற்ற இந்த வசதி, நீண்ட காலம் செல்வந்தர்களுக்கு உரியதாகவே இருந்தது. அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளின் டயர்கள் பிரிந்து, வண்டிகள் கவிழ்ந்து, பல உயிர்கள் போயின. அதன் பின்னரே 2000 ஆம் ஆண்டில் அங்கே ஒரு சட்டம் வந்தது. 2008 மாடல் ஆண்டு முதல் எல்லாப் புதிய கார்களிலும் இந்த அமைப்பு அங்கே கட்டாயமாயிற்று; ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல். நம் நாட்டில் எல்லாக் கார்களிலும் இதைக் காண முடிவதில்லை. ஆனால் 2020 ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒரு விதியை மாற்றியது: இந்த அமைப்பும் பஞ்சர் ஒட்டும் உபகரணமும் உள்ள 3.5 டன் வரையிலான வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. புதிய கார் வாங்குவோர் பின்பக்கத்தைத் திறந்து, ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரவு எட்டு மணிக்கு மேல் நம் கிராமப் பக்கத்தில் பஞ்சர் கடை கிடைப்பது அரிது. ஸ்டெப்னியும் இல்லாத வண்டியில், முன்கூட்டியே எச்சரிக்கும் அந்த விளக்கு இரட்டிப்புத் தேவை உடையதாகிறது.

இன்னொரு தவறான வழக்கத்தையும் சொல்ல வேண்டும். கோடையில் டயர் வெடித்துவிடும் என்று அஞ்சி, காற்றைக் குறைத்து வைப்பவர்கள் நம்மில் பலர். எங்கள் வீட்டிலும் கத்திரி வெயில் தொடங்கினால் அப்படித்தான் செய்தோம். உண்மை நேர்மாறானது. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரிகிறது; அந்த மடக்கத்தில்தான் சூடு பிறக்கிறது; அந்தச் சூட்டில்தான் ரப்பரும் உள்ளிருக்கும் இழைகளும் பிரிந்து டயர் வெடிக்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில், எத்தனை பேர் ஏறினால் எவ்வளவு காற்று என்று தயாரித்தவர்களே எழுதியிருக்கிறார்கள். எந்தப் பருவத்திலும் அதுவே அளவு. வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போதுதான் அதை அளக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னபின், இந்தக் கருவியால் ஆகாததையும் சொல்வது நேர்மை. கூரான கல் பக்கச்சுவரைக் கிழித்து ஒரு நொடியில் வெடிக்கும் டயரைப் பற்றி அது முன்கூட்டியே சொல்லாது. டயர் வயதாகிக் காய்ந்துவிட்டதையும் சொல்லாது. அதற்கு டயரின் பக்கத்தில் பொறித்துள்ள கடைசி நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். வண்டியைக் கிளப்பியதும் விளக்கு ஒரு நிமிடம்போல மின்னி மின்னிப் பிறகு நிலையாக எரிந்தால், பழுது கருவியிலேயே இருக்கலாம். அப்போதும் காற்றைச் சரிபார்த்துவிட்டு முடிவு செய்வதே நல்லது.

அம்மா நினைவுகூர்ந்த எங்கள் அத்தா, மானாம்பதி, பெருநகர் பக்கத்துக் கிராமங்களுக்குச் சைக்கிளில் துணிமூட்டை கட்டிச் சென்று விற்றவர்கள். பள்ளிவாசலிலிருந்து வந்ததும், தேநீர் குடிக்குமுன், இரண்டு சக்கரங்களையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். அது ஒரு சடங்கு போல எங்களுக்குத் தோன்றியதுண்டு. வழியில் சைக்கிள் நின்றால் அன்றைய வியாபாரம் போகும். வியாபாரம் போனால் வீட்டில் உலை கொதிக்காது. அவர்களுக்கு எச்சரிக்க எந்த விளக்கும் இல்லை. ஆகையால் தாமே பார்த்தார்கள். எங்களுக்குச் சக்கரத்துக்கு ஒரு கட்டைவிரலாக நான்கு இருந்தும், அவை சொன்னதை நாங்கள் காதில் வாங்கவில்லை.

எங்கள் ஊரின் பெயரைக் கேட்டதும் பலருக்கும் குடவோலைக் கல்வெட்டு நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டுகள் தேர்தல் முறையை மட்டும் சொல்லவில்லை. ஏரியைக் கவனிப்பதற்கென்றே ஏரி வாரியம் என்ற குழு இருந்ததையும் சொல்கின்றன. கரை உடைவது ஒரே நாளில்தான். ஆனால் கசிவு தொடங்குவது அதற்கு வெகு முன்பே. பார்ப்பதற்கு ஆள் வேண்டும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூரார் அறிந்திருந்தார்கள்.

ஒட்டகத்தைக் கட்டாமல் இறைவனை நம்பி விட்டுவிடலாமா என்று கேட்டவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய அறிவுரை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்தது. அன்று காலை நாங்கள் துஆ ஓதினோம், ஒட்டகத்தைக் கட்டவில்லை. வண்டியில் ஏறி அமர்பவர்கள் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். எதிரே நடந்து வருபவரும், இருசக்கர வாகனத்தில் குழந்தையோடு செல்லும் முன்பின் அறியாத குடும்பமும் அவ்வாறே. துஆ நம் கவனக்குறைவை ஈடு செய்வதற்கான ஒன்றன்று.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை காலையில், வண்டி ஓடுமுன், சிறிய அழுத்தமானி ஒன்றால் ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து சக்கரங்களையும் அளக்கிறோம். இளைய மகன்தான் எண்களைப் படித்துச் சொல்கிறான். இந்த வசதி இல்லாத பழைய காரை வைத்திருக்கும் மச்சான், வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகிக்கொள்ளும் சென்சார்களைச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிப் பொருத்தியிருக்கிறார். அதுவும் போதும். விளக்கு எரிந்தால் பதறி பிரேக்கை மிதிக்க வேண்டாம். மெல்ல வேகத்தைக் குறைத்து, சாலையோரம் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இறங்கிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

இதைப் படித்தவர்கள் இன்றே தங்கள் வண்டிக் கதவைத் திறந்து அந்த ஒட்டுத்தாளை ஒருமுறை பாருங்கள். புறப்பட்ட ஒவ்வொருவரையும் அல்லாஹ் நலமாக வீடு சேர்ப்பானாக. நம் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்யும் நல்லறிவையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.