போதும் என்று சொல்லும் மேடு

எனக்கு விரல் வலிக்கிறது என்று சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை. "நாற்காலியில் உட்கார்ந்து கதை எழுதுகிறவருக்கு வலியா?" என்றாள் மனைவி. ஆனால் நாவலின் பதினேழாம் அத்தியாயத்தில் என் சுண்டுவிரல்கள் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. "எழுதுவதைக் குறையுங்கள்" என்றார் டாக்டர். எழுத்தைக் குறைத்தால் சாப்பாட்டையும் குறைக்க வேண்டி வருமே, அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

வியாதியின் மூலம் எனக்குத் தெரியும். பிளஸ் டூ முடித்த விடுமுறையில் டைப்ரைட்டிங் கற்றேன். அச்செழுத்து ரிப்பன்மேல் மோதினால்தான் காகிதத்தில் எழுத்து விழும். ஆகவே ஓங்கி அடிப்பதுதான் முதல் பாடம். கம்ப்யூட்டர் வந்த பிறகும் கை அதை மறக்கவில்லை.

"மெக்கானிக்கல் கீபோர்டு வாங்குங்கள், சித்தப்பா" என்றான் அண்ணன் மகன். அதில் ஒவ்வோர் எழுத்துக்கு அடியிலும் தனித்தனி சுவிட்ச், உள்ளே ஒரு ஸ்பிரிங். 'டாக்டைல்' என்னும் வகையில் பாதி வழியில் ஒரு சிறு மேடு விரலுக்குத் தட்டுப்படும். தாண்டினால் எழுத்து பதிந்துவிடும். 4 மில்லிமீட்டர் ஆழத்தில் 2 மில்லிமீட்டர் போனால் போதும். பாக்கியெல்லாம் வீண் உழைப்பு. சுவிட்சுகளைப் பிடுங்கி மாற்றக்கூடிய பலகையாகவே வாங்கி வந்தான்.

செர்ரி கம்பெனியின் இரண்டு சுவிட்சுகளுக்குள் போட்டி. பிரவுனில் மேடு மெலிது. ஏறக்குறைய 55 கிராம் அழுத்தம் வேண்டும். கிளியரில் மேடு பெரிது, 65 கிராம்.

நோகிற விரலுக்கு மெல்லியதுதானே நல்லது? பிரவுனில் ஒரு வாரம் எழுதினேன். மேடு இருந்ததாம், என் முரட்டுக் கைக்குத் தெரியவில்லை. ஒவ்வோர் அடியும் அடித்தளத்தில் போய் மோதியது. வலி கூடிற்று.

கிளியரை மாட்டினேன். மேடு, "போதும்" என்றது. மீறி அழுத்தினால் ஸ்பிரிங் மல்லுக்கு நின்றது. நாலைந்து நாளில் கை பாதி வழியிலேயே திரும்பப் பழகிவிட்டது. ஆனால் சுண்டுவிரல்களுக்கு அந்த மேட்டில் ஏறத் தெம்பில்லை.

நான் எழுதுவது தமிழ் 99 முறையில். அதில் அ, ஆ முதலியவை இடது சுண்டுவிரலின் பொறுப்பு. ச, ந, ய, ழ முதலியவை வலதின் பொறுப்பு. அவற்றுக்கு மட்டும் பிரவுனை மாட்டிவிட்டேன்.

"ஒரே பலகையில் இரண்டு சட்டமா?" என்று சிரித்தான் பையன்.

"பெரியவருக்கும் குழந்தைக்கும் ஒரே அளவிலா சோறு உருட்டுவார்கள்?" என்றேன்.

வலி அடியோடு போய்விடவில்லை, பொறுக்கும்படி இருக்கிறது. பதினேழாம் அத்தியாயம் போன வாரம் முடிந்தது. இத்தனை வருஷமாக அதை யாரும் என் விரல்களிடம் சொல்லவில்லை. பாதியிலேயே நிறுத்தினாலும் எழுத்து விழும் என்று.