உம்மம்மாவின் குரல்

உம்மம்மாவால் இப்போது ஒரு வரியை மூச்சு வாங்காமல் பாட முடியாது. ஆனால் 'ஆ', 'ரோ' என்று ஒவ்வோர் எழுத்தாக இரண்டு விநாடி இழுக்க முடியும். 'உட்டாவ்' என்ற மென்பொருளுக்கு அது போதும்.

2008 இல் ஜப்பானில் வெளிவந்த மென்பொருள் அது. பெயருக்கு அந்நாட்டு மொழியில் 'பாடுதல்' என்று பொருள். நாம் பதிந்து கொடுக்கும் தனித்தனி ஒலிகளை எடுத்து, சுரத்துக்கேற்ப உயர்த்தித் தாழ்த்தி நீட்டித் தருவது அதிலுள்ள 'ரீசாம்ப்ளர்' என்னும் பகுதி. 'ரோ' என்றால் முன்னாலுள்ள மெய்யொலியை அப்படியே விட்டு, பின்வரும் உயிரொலியைத்தான் அது நீட்டும். அளபெடை விளங்காத தோழிக்கு இதைத்தான் போட்டுக் காட்டினேன்.

சாச்சிக்கு அடுத்த மாதம் குழந்தை பிறக்கவிருக்கிறது. எங்கள் எல்லோரையும் உறங்க வைத்த தாலாட்டை அந்தப் பிள்ளையும் உம்மம்மாவின் குரலில் கேட்க வேண்டும். அதற்காகப் பதினான்கு ஒலிகளைப் பதிந்தேன்.

முதலில் மூச்சின் அளவு. 'பி' என்ற எழுத்துக்குப் பின்னால் ஓர் எண் கொடுக்க வேண்டும். ஒன்றும் கொடுக்காவிட்டால் 50. நான் 0 கொடுத்தேன். இரைச்சலெல்லாம் போய்க் குரல் பளிச்சென்று வந்தது. உம்மம்மா கேட்டுவிட்டு, "இது ஆரு புள்ள பாடுற?" என்றார்.

"நீங்கதான் உம்மம்மா."

"நான் எப்ப இப்பிடிப் பாடின?"

எண்ணை 65 ஆக்கியதும் அவருடைய மூச்சு திரும்பி வந்தது.

அடுத்தது 'மொடியுலேஷன்'. பதிவிலிருந்த சுருதி அசைவில் எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். 100 வைத்தால் உம்மம்மாவின் நடுக்கம் முழுவதும் வந்து, நீண்ட சுரங்களில் தையல் மெஷின் ஓடுவதுபோல் கேட்கிறது. 0 வைத்தால் கோடு போட்டதுபோல் நேராகி, ஆளே இல்லாமல் போகிறது. ஒரே எண்ணைப் பாட்டு முழுவதற்கும் வைப்பது சரிவராது என்பதே என் முடிவு. குறுகிய சுரங்களுக்கு 60, நீண்டவற்றுக்கு 20. பதிந்த சுருதியிலிருந்து தூரம் போகப் போகக் குரல் தகரமாவதால் பாட்டையே அவர் பேசும் சுருதிக்கு இறக்கினேன்.

எங்கள் வீட்டில் பிரச்சினை வந்தது 'ஜி' என்ற எண்ணால். அதைக் கூட்டினால் குரல் தடிக்கும், குறைத்தால் இளமையாகும். சும்மா –10 வைத்துப் போட்டேன். அடுப்படியிலிருந்த உம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"நான் சின்னப் புள்ளையா இரிக்கக்க உம்மாட குரல் இப்பிடித்தான் இரிந்த. இதையே வை மகள்."

எனக்கு அது பிடிக்கவில்லை. நான் அறிந்த உம்மம்மா அதில் இல்லை. ஆனால் உம்மா அறிந்தவர் இருக்கிறாரே, அதை நான் எப்படி அழிப்பது? இரண்டையும் சேமித்து உம்மம்மாவிடமே கேட்டேன். இரண்டு தடவை போடச் சொன்னார்.

"மத்தத உம்மாக்குக் குடு. புள்ளைக்கு இத வை. நாளைக்கு என்னக் கண்டா அது அடையாளம் புடிக்கோணுமே."

உம்மாவின் கைப்பேசியில் இப்போது இளைய குரல் இருக்கிறது. குழந்தைக்கான பாட்டில் 'லோ' மட்டும் இன்னும் கரகரக்கிறது. சுபஹுக்குப் பிறகு உம்மம்மாவின் தொண்டை தெளிவாக இருக்கும். நாளை அதை மறுபடி பதிய வேண்டும்.