பறித்தல்

பள்ளி அணியில் கூடைப்பந்து ஆடத் தொடங்கியபோது எங்களுக்குக் கைவராதது ஒன்றுதான்: எதிராளியின் கையிலிருக்கும் பந்தைப் பறிப்பது. தோள் உரசினாலே ‘சாரி’ என்போம். அதற்குள் பந்து எங்கள் கூடையில் விழுந்திருக்கும்.

1892இல் அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரிப் பெண்களுக்கு இவ்விளையாட்டை அறிமுகப்படுத்திய செண்டா பெரன்சன், பறிப்பதையே விதியால் தடுத்தார். களத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதியைத் தாண்டவும் விடவில்லை. எங்கள் வீட்டார் அவரை அறியார். ஆயினும் விதிகள் என்னவோ அவையேதாம்.

எங்கள் விளையாட்டு ஆசிரியை, மன்னிப்புக் கேட்டவளைச் சிமெண்ட் தளத்தைச் சுற்றி ஐந்து முறை ஓடவிட்டார். முழங்கால்கள் சிராய்ந்தன; மெல்ல மெல்ல நா அடங்கிக் கை நீண்டது. பறிக்கக் கற்றுக்கொண்டோம் என்றே நம்பினோம்.

பன்னிரண்டாம் வகுப்பில், மாவட்டப் போட்டிக்கு முந்தைய வாரம், அணித்தலைவியை அவள் தந்தை நிறுத்திவிட்டார். பெண் பார்க்க வருகிறார்களாம். வெயிலில் கறுக்கக் கூடாதாம். அவளை மீட்டுவர ஒன்பது பேரும் அவள் வீட்டுக்குப் போனோம். காபி கொடுத்தார்கள், குடித்தோம். அடுக்களைக் கதவோரம் நின்று அவள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

விடைபெறும்போது அவள் தந்தையிடம் ‘சாரி அங்கிள்’ என்றோம்.